65.6 என்று எழுதியதால் மாறிப்போன பேருந்து: ஒரு நிகழ்வு ஆய்வு

திருநெல்வேலியிலிருந்து அம்பாசமுத்திரத்துக்கு ஓடும் இரண்டு பேருந்துகளில் எது சீராக ஓடுகிறது என்பதுதான் கேள்வி. வீரவநல்லூரில் சாயங்காலம் நான் நடத்தும் டியூஷனில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வைத்த மாதிரித் தேர்வில், ஐந்து மதிப்பெண் பகுதியில் வந்தது. அதற்கு நான்கு பிள்ளைகள் எழுதிய விடைகளைத்தான் இங்கே பிரித்துப் பார்க்கப் போகிறேன். நான்கு பேருக்குமே சூத்திரம் தெரியும். கூட்டல், பெருக்கலில் ஒருவரும் தப்பு விடவில்லை. ஆனாலும் ஒருத்தி பேருந்தையே மாற்றிச் சொல்லிவிட்டாள், ஒருவன் நடக்கவே முடியாத ஒரு எண்ணைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டான். காரணம், கணக்கின் நடுவில் எண்ணை எங்கே முழுமையாக்கினார்கள் என்பது மட்டும்தான். பிள்ளைகள் பாஷையில் சொன்னால், எங்கே 'ரவுண்டு' பண்ணினார்கள் என்பது.

கேள்வியை முதலில் தந்துவிடுகிறேன். பேருந்து அ, ஏழு நாட்களில் எடுத்துக்கொண்ட நேரம் நிமிடங்களில்: 61, 63, 64, 66, 67, 68, 70. பேருந்து ஆ-வின் சராசரி நேரம் 70 நிமிடம், திட்ட விலக்கம் (எண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்பதன் அளவு) 2.8. இரண்டின் மாறுபாட்டுக் கெழுவையும் (திட்ட விலக்கம் சராசரியில் எத்தனை சதவீதம் என்பது, குறைவாக இருந்தால் சீர் அதிகம்) கண்டு, எது சீரானது என்று சொல்ல வேண்டும். இறுதி விடையை ஒரு தசம இடத்துக்குத் தர வேண்டும். எண்கள் கேள்விக்காக நானே போட்டவை. பொதுத்தேர்வில் கால்குலேட்டர் கிடையாது என்பதால் இங்கேயும் கிடையாது.

ஆ-வுக்கு வேலை சுலபம். 2.8-ஐ 70-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கினால் 4.0 சதவீதம். நான்கு பேரும் சரி. அ-வுக்குத்தான் சோலி அதிகம். ஏழு எண்களின் கூடுதல் 459, அவற்றின் வர்க்கங்களின் கூடுதல் 30155. இதுவரைக்கும் நான்கு பேரும் ஒரே பாதையில்தான் வந்தார்கள். இதற்கு அப்புறம் நேரடி முறையில், வர்க்கங்களின் சராசரியிலிருந்து சராசரியின் வர்க்கத்தைக் கழித்து, வர்க்கமூலம் எடுத்தால் திட்ட விலக்கம் கிடைக்கும். அதைச் சராசரியால் வகுத்து நூறால் பெருக்கினால் மாறுபாட்டுக் கெழு. நடுவில் எதையும் வெட்டாமல் போட்டால் திட்ட விலக்கம் 2.871, கெழு 4.379, அதாவது ஒரு தசம இடத்துக்கு 4.4 சதவீதம். ஆ-வின் 4.0 இதைவிடக் குறைவு, ஆகவே ஆ-தான் சீரான பேருந்து.

முதல் தாள் ஒரு பெண்பிள்ளையுடையது. அழகான கையெழுத்து, பென்சிலால் ஓரக்கோடு போட்டு, வலது பக்கம் செய்கைக்குத் தனி இடம் விட்டு எழுதியிருந்தாள். சராசரி 459/7 = 65.6. வர்க்கங்களின் சராசரி 4307.9. 65.6-இன் வர்க்கம் 4303.4. இரண்டையும் ஒன்றின்கீழ் ஒன்றாக, புள்ளிக்கு நேராகப் புள்ளி வைத்து எழுதி, கழித்து, 4.5 என்று கட்டம் போட்டிருந்தாள். அதன் மூலம் 2.1. கெழு 3.2 சதவீதம். '3.2 < 4.0, எனவே பேருந்து அ சீரானது' என்று கீழே அடிக்கோடு. படிக்குப் படி பார்த்தால் ஒவ்வொரு வரியும் நியாயமாகத்தான் இருக்கிறது. எந்த வரியிலும் சிவப்பு மை வைக்க எனக்குக் கை வரவில்லை, ஆனால் முடிவு தலைகீழ்.

கூப்பிட்டுக் கேட்டேன். "ஏட்டி, சராசரியை 65.6-ன்னு ஏன் நிறுத்தினே?"

"ஒரு தசமம்னு கேட்டிருக்குல்லா சார்."

"அது கடைசி விடைக்குத்தானே போட்டிருக்கு."

"கடைசியில ஒரு தசமம் வரணும்னா, எல்லாத்தையும் ஒரு தசமத்துல வச்சாத்தானே சார் வரும்?"

இந்தப் பதிலை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. இது சோம்பலால் வந்தது இல்லை, அவளாக யோசித்து வந்தது. விடை எவ்வளவு நுணுக்கமாக வேண்டுமோ அதே நுணுக்கத்தில் எல்லாப் படியும் இருந்தால் போதும் என்று அவள் நினைக்கிறாள். பெரும்பாலான பிள்ளைகளும், சில பெரியவர்களும் அப்படித்தான் நினைக்கிறார்கள். கூட்டல் மட்டுமே உள்ள கணக்கில் இது பெரிய கேடு செய்யாது. இங்கே என்ன நடந்தது என்று எண்ணைக் கையில் எடுத்துப் பார்த்தால்தான் புரியும்.

உண்மையான சராசரி 65.5714. அவள் எழுதியது 65.6. வித்தியாசம் 0.0286, அதாவது 0.04 சதவீதம். இதை யாரும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அடுத்த படியில் அதை வர்க்கப்படுத்துகிறாள். ஒரு எண்ணை வர்க்கப்படுத்தும்போது அதிலிருக்கும் சிறு பிழை, அந்த எண்ணின் இரு மடங்கால் பெருக்கப்படும். இங்கே இரு மடங்கு என்றால் சுமார் 131. ஆக 0.0286 என்ற பிழை 3.75 ஆகிவிட்டது. 4300-க்குப் பக்கத்தில் 3.75 என்பது இன்னும் சிறியதுதான், அதனால் அந்த வரியையும் குற்றம் சொல்ல முடியாது. அதற்கு அடுத்த படிதான் ஆளைக் கவிழ்ப்பது. 4307.857-லிருந்து 4299.612-ஐக் கழித்து 8.245 வர வேண்டிய இடம் அது. இரண்டு பெரிய எண்களும் ஒன்றையொன்று தின்றுவிட்டு மிச்சமாக எட்டுச் சொச்சம் நிற்கிறது, பிழையோ குறையாமல் அதே 3.75-ஆக நிற்கிறது. எட்டில் கிட்டத்தட்ட நான்கு போய்விட்டது. 0.04 சதவீதமாக இருந்த பிழை மூன்றே வரியில் 45 சதவீதம். மூலம் எடுத்ததில் கொஞ்சம் தணிந்து 26 சதவீதத்தில் நின்றது. 2.87 வர வேண்டிய இடத்தில் 2.12 வந்த கதை இதுதான்.

நெல் லாரியை எடைமேடையில் ஏற்றி ஒரு தடவை எடை பார்த்து, ஒரு மரக்கால் நெல்லை இறக்கிவிட்டு மறுபடியும் எடை பார்த்து, இரண்டையும் கழித்து மரக்கால் எடையைச் சொல்லுகிறேன் என்று ஒருவர் கிளம்பினால் எப்படியோ அப்படி. லாரியின் எடையை எடைமேடை ஓரளவு சரியாகத்தான் காட்டும். மரக்காலின் எடைதான் அதில் கிடைக்காது.

இரண்டாவது தாள் ஒரு பையனுடையது. அவன் சராசரியை 66 என்றே போட்டுவிட்டான். நேரம் நிமிடத்தில் இருக்கிறது, எல்லா எண்ணும் முழு எண், அதனால் சராசரியும் முழு எண்ணாக இருக்கட்டும் என்பது அவன் கணக்கு. 66-இன் வர்க்கம் 4356. வர்க்கங்களின் சராசரி 4308. கழித்தால் மைனஸ் 48. அவன் அந்த மைனஸை நிம்மதியாக விட்டுவிட்டு 48-க்கு மூலம் எடுத்து 6.9 என்றும், கெழு 10.5 என்றும் எழுதி, 'பேருந்து ஆ சீரானது' என்று முடித்திருந்தான். முடிவு சரி! நுணுக்கமாகப் போட்ட பிள்ளைக்கு முடிவு தப்பாகவும், கண்மூடித்தனமாக வெட்டியவனுக்கு முடிவு சரியாகவும் வந்திருக்கிறது.

"மைனஸ் வந்துச்சேல, பார்க்கலையா?" என்று கேட்டதற்கு, "ரூட்டுக்குள்ள மைனஸ் வராதுல்லா சார், அதான் எடுத்துட்டேன்" என்றான்.

வராது என்பது உண்மை. வராத ஒன்று வந்திருக்கிறது என்றால் மேலே எங்கேயோ கோளாறு என்று அர்த்தம். விலக்கங்களின் வர்க்கங்களுக்கு எடுக்கும் சராசரி ஒருநாளும் குறை எண்ணாக இருக்க முடியாது. அந்த மைனஸ், கணக்கு தன் வாயால் சொன்ன எச்சரிக்கை, அதை அவன் அழித்துவிட்டான். மதிப்பெண் போடும்போது இந்தத் தாளுக்கு நான் குறைவாகத்தான் போட்டேன். கூடுதல்களுக்கும் சூத்திரத்துக்கும் இரண்டு மதிப்பெண், அவ்வளவுதான். முதல் பிள்ளைக்கு மூன்று கொடுத்தேன், ஏனென்றால் தனக்குக் கிடைத்த 3.2-இலிருந்து அவள் எடுத்த முடிவு முறையானது. சரியான முடிவு எழுதியவனுக்கு ஏன் குறைவு என்று அவன் சண்டை பிடித்தான். ஐந்து நிமிடம் உட்காரவைத்து விளக்கின பிறகும் அவனுக்கு முழுத் திருப்தி இல்லை. என் நிலைப்பாட்டில் மாற்றமும் இல்லை.

மூன்றாவது தாளில் 65.57. இரண்டு தசமம். 4307.86-லிருந்து 4299.42 போக 8.44, மூலம் 2.91, கெழு 4.4. முழு மதிப்பெண். ஆனால் இந்தப் பையன் தப்பித்தது கேள்வியின் தயவால்தான். ஒரு தசமம் மட்டும் கேட்டதால் 4.4-இல் மறைந்துவிட்டது. இரண்டு தசமம் கேட்டிருந்தால் 4.38 வர வேண்டிய இடத்தில் 4.44 வந்திருக்கும். 'இன்னும் ஒரு இலக்கம் கூட வைத்துக்கொள்' என்ற அறிவுரை நல்லதுதான், ஆனால் இந்த மாதிரிக் கழித்தல் வரும் இடத்தில் ஒரு இலக்கம் போதுமா என்பது எண்களைப் பொறுத்தது. சராசரி 65 இல்லாமல் 650 ஆக இருந்து, சிதறல் இதே அளவில் இருந்தால், இரண்டு தசமமும் பற்றாது.

நான்காவது தாள்தான் எனக்கு மிகவும் பிடித்தது. இந்தப் பிள்ளை ஊகச் சராசரி முறையில் போட்டாள். 66-ஐ ஊகமாக வைத்துக்கொண்டு விலக்கங்களை எழுதினாள்: −5, −3, −2, 0, 1, 2, 4. கூடுதல் −3, வர்க்கங்களின் கூடுதல் 59. அப்புறம் இவளும் முதல் பிள்ளையைப் போலவே எல்லாப் படியையும் ஒரு தசமத்துக்கு வெட்டினாள். 59/7 என்பது 8.4. −3/7 என்பது −0.4, அதன் வர்க்கம் 0.2. கழித்தால் 8.2, மூலம் 2.9. சராசரி 65.6. கெழு 4.4.

அதே கேள்வி, அதே பழக்கம், அதே ஒரு தசமம். ஒருத்திக்கு 3.2, இன்னொருத்திக்கு 4.4. முழுமையாக்கினது மட்டுமே குற்றம் என்றால் இருவரும் மாட்டியிருக்க வேண்டும். இரண்டாமவள் தப்பினது, அவள் பாதையில் பெரிய எண்களைக் கழிக்கும் வேலையே இல்லாததால். 66-ஐ முன்னாலேயே கழித்துவிட்டாள், அதுவும் முழு எண்ணில், எந்த வெட்டும் இல்லாமல். மிச்சமிருந்த எண்கள் சின்னவை, அவற்றில் 0.03 தப்பினாலும் விடையில் 0.03 அளவுக்குத்தான் தப்பும். ஊகச் சராசரி முறையைப் பெருக்கலைச் சுலபமாக்கும் குறுக்குவழி என்றுதான் வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறோம். பிழையை வளரவிடாமல் பிடித்துவைப்பதுதான் அதன் பெரிய குணம், அதைப் பிள்ளைகளிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

இன்னும் நல்ல வழி ஒன்று உண்டு, அதை நான்கு பேருமே எடுக்கவில்லை. 459/7-ஐ வகுக்காமல் பின்னமாகவே வைத்துக்கொள்வது. நேரடி முறையிலேயே 7-ஐப் பொதுவாக எடுத்தால், மேலே 7 × 30155-லிருந்து 459-இன் வர்க்கத்தைக் கழிக்க வேண்டும்: 211085-லிருந்து 210681 போக 404. கீழே 49. எல்லாம் முழு எண், ஒரு புள்ளிகூட வரவில்லை, ஆகவே கழித்தலில் எதுவும் தொலையவில்லை. திட்ட விலக்கம் √404/7. கெழுவுக்குப் போகும்போது சராசரியிலும் கீழே 7, இரண்டு 7-ம் அடிபட்டுப் போய், √404-ஐ 459-ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் போதும். √404 என்பது 20.1 (இருபதின் வர்க்கம் 400, மிச்சம் நாலு, அதை நாற்பதால் வகுத்தால் 0.1). 2010-ஐ 459-ஆல் வகுத்தால் 4.379. கணக்கு முழுவதிலும் முழுமையாக்கினது இரண்டே இடம், மூலத்தில் ஒன்று, கடைசியில் ஒன்று. நேரமும் குறைவு. 65.6-ஐ வர்க்கப்படுத்திக்கொண்டிருந்த பிள்ளைக்குத்தான் உண்மையில் வேலை அதிகம்.

ஆக, எப்போது முழுமையாக்கலாம் என்று பிள்ளைகள் கேட்டால் நான் 'இத்தனை தசமம் வைத்துக்கொள்' என்று ஆரம்பிப்பதில்லை. அடுத்த படி என்ன என்று கேட்கிறேன். அடுத்தது பெருக்கலோ வகுத்தலோ மட்டும் என்றால், 0.04 சதவீதப் பிழை 0.04 சதவீதமாகவே கூட வரும், பயப்பட வேண்டாம். அடுத்து, கிட்டத்தட்டச் சமமான இரண்டு எண்களைக் கழிக்கப் போகிறாயா, அப்படியென்றால் அதற்கு முன்னால் பேனாவை வைத்துவிடு, எதையும் வெட்டாதே. அடுத்து அடுக்கு வருகிறதா, அப்போதும் வெட்டாதே.

கழித்தலுக்கு முக்கோணவியலிலிருந்து ஒரு உதாரணம். பணகுடிப் பக்கம் ஒரு காற்றாலை என்று வைத்துக்கொள்வோம். ஒரு இடத்தில் நின்று பார்த்தால் உச்சியின் ஏற்றக்கோணம் 45 பாகை, அங்கிருந்து 100 மீட்டர் பின்னால் போய்ப் பார்த்தால் 30 பாகை. உயரம் 100-ஐ (√3 − 1)-ஆல் வகுத்தால் வரும். √3-க்கு 1.732 போட்டால் 100/0.732, அதாவது 136.6 மீட்டர். அவசரத்தில் 1.7 என்று போட்டவனுக்கு 100/0.7, அதாவது 142.9. √3-இல் விட்டது இரண்டு சதவீதத்துக்கும் குறைவு, விடையில் 4.6 சதவீதம் போய்விட்டது, ஆறு மீட்டருக்கு மேல். கழித்தல் கீழே உட்கார்ந்திருப்பதுதான் காரணம். இதையே பகுதியை, அதாவது கீழே உள்ள எண்ணை, விகிதமுறு எண்ணாக்கி 50(√3 + 1) என்று மாற்றிவிட்டு அதே மோசமான 1.7-ஐப் போட்டுப் பாருங்கள்: 135. பிழை 1.2 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. பகுதியில் மூலம் இருக்கக் கூடாது என்பதைச் சடங்கு மாதிரிச் செய்துகொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு இதைக் காட்டினால் கண் விரிகிறது. கழித்தல் கூட்டலாக மாறியதில் ஆபத்தே போய்விட்டது. 1.732 என்று கேள்வியிலேயே கொடுத்திருந்தாலும், கடைசி வரி வரைக்கும் √3 என்றே இழுத்துக்கொண்டு வந்து, கடைசியில் ஒரே ஒரு முறை போடுவதுதான் என் கட்சி.

பை-க்கும் இதேதான். 22/7, 3.14 இரண்டுமே உண்மையான பை இல்லை (22/7 கொஞ்சம் கூட, 3.14 கொஞ்சம் குறைவு, நெருக்கம் என்று பார்த்தால் 22/7-தான் நெருக்கம்). ஒரு கோளத்தை உருக்கிக் கூம்புகள் செய்யும் கணக்கில் இரண்டு பக்கமும் பை அடிபட்டுப் போகும். முதல் வரியிலேயே அதைப் போட்டுப் பெருக்கிக்கொண்டிருந்தால் வேலையும் வீண், எங்கேயாவது வெட்டவும் நேரும்.

அடுக்குக்கு ஒரு உதாரணம் போதும். ஒரு லட்சம் ரூபாய்க்கு ஆண்டுக்கு 5 சதவீதக் கூட்டு வட்டி, 20 ஆண்டு. மடக்கை ('லாக்') அட்டவணையில் 1.05-க்கு 0.0212. அதை 20-ஆல் பெருக்கினால் 0.424, எதிர்மடக்கை 2.655, தொகை சுமார் 2,65,500. உண்மையான தொகை 2,65,330. நான்கு இலக்க அட்டவணைக்கு இது நல்ல விடை. யாராவது 0.0212-ஐ 0.02 என்று சுருக்கினால், 20 மடங்கு 0.4, எதிர்மடக்கை 2.512, தொகை 2,51,200. பதினாலாயிரம் ரூபாய் காணாமல் போய்விட்டது. இருபது தடவை பெருக்கினது தொகையை மட்டும் இல்லை, பிழையையும்தான்.

பதினோராம் வகுப்பு வேதியியலில் இது வேறு உருவத்தில் வரும். ஒரு இரும்பு ஆக்ஸைடில் இரும்பு 72.4, ஆக்சிஜன் 27.6 சதவீதம். அணு நிறையால் வகுத்து, இரண்டு அணுக்களும் எந்த விகிதத்தில் இருக்கின்றன என்று காண வேண்டும். 72.4-ஐ 56-ஆல் வகுத்தால் 1.293, 27.6-ஐ 16-ஆல் வகுத்தால் 1.725. விகிதம் 1.334, அதாவது மூன்றுக்கு நான்கு என்று கண்ணுக்குத் தெரியும், மும்மடங்காக்கினால் 4. முதலிலேயே 1.3, 1.7 என்று வெட்டினவனுக்கு விகிதம் 1.31, அதை 1.3 என்று எழுதிவிட்டு, 'ஒன்றுக்குப் பக்கம்' என்று ஒன்றுக்கு ஒன்று போட்டுவிடுகிறான். பொருளே வேறாகிவிட்டது. 1.33, 1.5, 1.25 மாதிரி எண்கள் முழு எண்ணுக்கு வெட்டுவதற்காக வருபவை இல்லை, எதால் பெருக்க வேண்டும் என்று சொல்ல வருபவை.

இதெல்லாம் பரீட்சைத் தாளோடு நின்றுவிடும் சங்கதி என்று நினைப்பவர்களுக்கு: கனடாவின் வான்கூவர் பங்குச் சந்தை 1982-இல் ஒரு குறியீட்டை 1000 புள்ளியில் தொடங்கியது. ஒவ்வொரு முறை புதுப்பிக்கும்போதும் மூன்று தசமத்துக்கு மேல் உள்ளதைக் கணினி வெட்டி எறிந்துகொண்டே இருந்தது. ஒரு வெட்டில் போவது ஒரு புள்ளியின் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. 1983 நவம்பரில் குறியீடு 520 சொச்சத்தில் நின்றது. சரியாகக் கணக்கிட்டுப் பார்த்தபோது 1098. பாதிக்கும் மேல் காணவில்லை, சந்தை விழவே இல்லை.

சரி, கால்குலேட்டர் உள்ள தேர்வுகளில்? பாலிடெக்னிக் பிள்ளைகள் சிலர் என்னிடம் வருகிறார்கள். அவர்கள் ஒரு படியின் விடையைத் தாளில் 0.136 என்று எழுதிவிட்டு, அடுத்த படிக்கு அந்த 0.136-ஐயே மறுபடி தட்டுகிறார்கள். கருவிக்குள் பத்து இலக்கம் சும்மா கிடக்கிறது. 7.36-இன் தலைகீழி 0.136 என்று மூன்று இலக்கத்துக்கு எழுதி, அதைத் திரும்பத் தலைகீழாக்கினால் 7.35 வரும், போன எண் திரும்பி வரவில்லை. 0.1359 என்று ஒரு இலக்கம் கூட வைத்தால் 7.36 வந்துவிடும். அதனால் தாளில் எழுதுவது ஒன்று, கருவியில் வைத்திருப்பது ஒன்று என்று இரண்டாகப் பிரித்துக்கொள்ளச் சொல்கிறேன். தாளில் மதிப்பிடுபவர் படிக்க வசதியாக மூன்று நான்கு இலக்கம் எழுதலாம், அடுத்த படிக்கு 'ஆன்ஸ்' விசையையோ நினைவக விசையையோ தட்ட வேண்டும்.

கேள்வியே (அ), (ஆ) என்று பிரிந்து, (அ)-வின் விடையை (ஆ)-வில் பயன்படுத்தச் சொல்லும்போதும் இதே முறைதான். சராசரியை ஒரு தசமத்துக்குக் கேட்டால் '459/7 ≈ 65.6' என்று எழுது. அந்த ≈ குறி முக்கியம், மதிப்பிடுபவருக்கும் உனக்கும். அடுத்த வரியில் 459/7-ஐ எடுத்துக்கொண்டு போ.

ஜேஇஇ மாதிரி, விடையை அருகிலுள்ள முழு எண்ணுக்குத் தரச் சொல்லும் தேர்வுகளில் இன்னொரு குழி இருக்கிறது. 7.4496 வந்தது என்று வைத்துக்கொள்வோம். 7.45 என்று எழுதி, அதை 7.5 ஆக்கி, அதை 8 ஆக்கிவிடுகிறார்கள். சரியான விடை 7. ஒரு எண்ணை ஒரே தடவைதான் முழுமையாக்க வேண்டும், அதுவும் முழு நீள எண்ணிலிருந்து. அங்கே படிக்கு மதிப்பெண் கிடையாது, 8 என்றால் தப்பு என்பதோடு முடிந்தது.

திரும்ப அந்த முதல் தாளுக்கு வருகிறேன், ஏனென்றால் இவ்வளவு சொன்ன பிறகும் அந்தப் பிள்ளை கேட்ட ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. "தப்புன்னு எனக்கே எப்படி சார் தெரியும்?" நல்ல கேள்வி. தெரிந்துகொள்ள வழி உண்டு, ஒரு நிமிட வேலை. சராசரியிலிருந்து ஒவ்வொரு எண்ணும் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று குறியை விட்டுவிட்டு எழுது: 4.6, 2.6, 1.6, 0.4, 1.4, 2.4, 4.4. கூட்டினால் 17.4, ஏழால் வகுத்தால் 2.5. திட்ட விலக்கம் இதைவிடக் குறைவாக ஒருபோதும் வராது. 2.1 வந்தால் எங்கேயோ வழுக்கியிருக்கிறது. அதேபோல, பெரிய எண்ணுக்கும் சிறிய எண்ணுக்கும் உள்ள தூரத்தில் பாதியைவிட அது அதிகமாகவும் வராது. 61-லிருந்து 70 வரை ஒன்பது, பாதி 4.5. ஆகவே அந்தப் பையனின் 6.9, மைனஸை விட்டுவிட்டாலும்கூட, முடியவே முடியாத எண். 2.5-க்கும் 4.5-க்கும் நடுவில் எங்கேயோதான் விடை இருக்கிறது என்று முன்னாலேயே தெரிந்துகொண்டு உட்கார்ந்தால், இரண்டு பேருமே தாளைக் கொடுப்பதற்கு முன் திருத்தியிருப்பார்கள். இந்த இரண்டு எல்லைகளையும் இப்போது திட்ட விலக்கம் நடத்தும் முதல் நாளிலேயே சூத்திரத்துக்குப் பக்கத்தில் எழுதிப்போடுகிறேன்.

நடுவழியில் முழுமையாக்கியே ஆக வேண்டிய இடங்களும் உண்டு, அதையும் சொல்லாமல் விட்டால் பிள்ளைகள் எல்லாவற்றையும் பின்னத்திலேயே இழுத்துக்கொண்டு போவார்கள். வருமான வரிச் சட்டத்தின்படி மொத்த வருமானத்தை அருகிலுள்ள பத்து ரூபாய்க்கு முழுமையாக்கிவிட்டுத்தான் அதன்மேல் வரி கணக்கிட வேண்டும், கட்ட வேண்டிய வரியும் அதேபோல். வணிகவியல் தேர்வில் இதைக் கடைசிக்குத் தள்ளினால்தான் தப்பு. சட்டம் எந்தப் படியில் சொல்கிறதோ அந்தப் படியில் செய்ய வேண்டும். பொருளே துண்டுபடாத இடங்களும் அப்படித்தான். அதே மாதிரித் தேர்வில் இன்னொரு கேள்வி இருந்தது: 132 சதுர மீட்டர் சுவருக்கு வண்ணம் பூச வேண்டும், ஒரு லிட்டர் டின் 10 சதுர மீட்டருக்கு வரும், ஒரு டின் 240 ரூபாய், கடையில் முழு டின்தான் கிடைக்கும், செலவு எவ்வளவு. வகுத்தால் 13.2. மூன்றாவது தாளின் பையன், 65.57 போட்டவன், இங்கே 13.2-ஐ அப்படியே 240-ஆல் பெருக்கி 3168 ரூபாய் என்று எழுதியிருந்தான். 65.6 எழுதிய பிள்ளை 13.2-ஐ 14 ஆக்கி, 3360 ரூபாய் என்று எழுதி, பக்கத்தில் 'டின் முழுதாகத்தான் வாங்கணும்' என்று பென்சிலில் குறித்திருந்தாள். அந்தக் கேள்விக்கு அவளுக்கு முழு மதிப்பெண்.